மிதிவண்டிக்கு வழி வகுத்தல்



சேரவேண்டிய ஊரின் பெயரைக் கைப்பேசியில் இட்டால், ஓரிரு நொடிகளில் அது ஒரு நீலக் கோட்டை வரைந்து, ‘இதுவே வழி’ என்று காட்டுகின்றது. நம்முள் பலர் அக்கோட்டைக் கண்டவுடன் மிதிவண்டியை உருட்டத் தொடங்கிவிடுகின்றோம். அக்கோடு எவ்வாறு பிறக்கின்றது? அதனை எவ்வளவு நம்பலாம்? நம்பத் தகாத இடத்தில் நாம் செய்யத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

நான் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், பூதலூரில் வாழ்பவன். எங்கள் ஊர் தஞ்சைக்கும் திருச்சிக்கும் இடையே, இருப்புப்பாதையின் மீது அமைந்துள்ளது. வடக்கே சுமார் எட்டுக் கிலோமீட்டர் சென்றால் திருக்காட்டுப்பள்ளி, தெற்கே தேசிய நெடுஞ்சாலையில் செங்கிப்பட்டி, மேற்கே கல்லணை. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மாணவர் பலர் மிதிவண்டியில்தான் பள்ளிக்கு வருகின்றனர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையின்றி மிதிவண்டி வழங்குகின்றது. வண்டி கைக்கு வந்துவிடுகின்றது. அதனை எவ்வழியே ஓட்டுவது என்பதைக் கற்பிப்பார் அரியர். பெருஞ்சாலை சுருக்கமான வழியாக இருக்கலாம். ஆயின் அங்கே பேருந்தும் லாரியும் விரைகின்றன. வாய்க்கால் கரை அமைதியானது. ஆயின் மழை பெய்தால் சேறாகிவிடும். மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு இவ்விரண்டில் எது ஏற்றது? நல்ல வழி ஒன்று அகப்படாமையால் பெற்றோர் அஞ்சிப் படிப்பை நிறுத்திய வீடுகளை நான் அறிவேன். ஆதலின் வழி வகுத்தல் என்பதைப் பொழுதுபோக்காக எண்ணாதீர்கள்.

முதலில் நிலப்படத்தைப் பற்றிச் சிறிது கூறுகின்றேன். நிலப்படம் தானாக உண்டானதன்று. யாரோ ஒருவர் நடந்து, அளந்து, வரைந்ததாகும். 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர், சென்னையை அடுத்த பரங்கிமலைப் பக்கத்தில் ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்திய நாட்டின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். ஒரு கோட்டின் நீளத்தையும் இரு கோணங்களையும் அறிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம் என்பதை நீங்கள் வகுப்பில் கற்றிருக்கின்றீர்கள். அதே முறையில் முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்து நாடு முழுவதையும் அவர்கள் அளந்து சென்றனர். கோணத்தை அளக்க உயர்ந்த இடம் வேண்டும். குன்றுகள் உள்ள நாட்டில் அது எளிது. குன்றே இல்லாத நம் காவிரிச் சமவெளியில் என் செய்வது? கோயில் கோபுரங்களின் மேல் ஏறினர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது, சுமார் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளரவில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் அமர்ந்து அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார். இன்று உங்கள் கைப்பேசியில் எளிதாகத் தோன்றும் நிலப்படத்தின் பின்னே இத்தகைய உழைப்பு பல தலைமுறையாக இருந்து வருகின்றது.

இக்காலத்தில் அவ்வுழைப்பில் பொதுமக்களும் பங்கு கொள்கின்றனர். 2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் திறந்த நிலப்படத்தைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர், செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு வரைந்தும், தாமே சென்று கண்டும், சாலைகளையும் பாலங்களையும் அதில் சேர்க்கின்றனர். யாவரும் அதனைத் திருத்தலாம். யாவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மிதிவண்டிக்கு வழி காட்டும் மென்பொருள்கள் பல இதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

இனி, கணினி எவ்வாறு வழி காண்கின்றது என்பதைப் பார்ப்போம். கணினிக்கு ஊரும் தெரியாது, சாலையும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமே. சாலைகள் கூடும் இடம் புள்ளி. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட சாலை கோடு. இவ்வாறு நாட்டைப் புள்ளியும் கோடுமாகச் சுருக்கி நோக்கும் முறைக்கு வித்திட்டவர் ஆய்லர் என்னும் கணித மேதை. கோனிக்ஸ்பர்க் நகரில் ஆற்றின் மேல் இருந்த ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றை ஒரே முறை கடந்து சுற்றிவர இயலுமா என்ற வினாவை ஆராய்ந்து, இயலாது என்று 1736-இல் அவர் மெய்ப்பித்தார். தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குச் செல்பவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கின்றார். ஆறுகளால் பிரிக்கப்பட்ட நம் நிலத்தில், எந்தப் பாலம் எந்தக் கரையோடு கரையை இணைக்கின்றது என்பதே வழியின் உயிர்நாடி. ஆய்லருடைய கணக்கு நமக்கெனவே பிறந்தது போலத் தோன்றும்.

புள்ளிகளும் கோடுகளும் அமைந்துவிட்டன. அவற்றுள் குறுகிய வழியைக் காண்பது எப்படி? 1956-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இன்றி, சுமார் இருபது நிமிடத்தில் இதற்கு ஒரு முறையைக் கண்டார். 1959-இல் அது அச்சில் வந்தது. அம்முறையை உழவர் வீட்டுப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்ளலாம். தலைமதகைத் திறந்தவுடன் நீர் யாது செய்கின்றது? மிக அருகில் உள்ள வயலை முதலில் எட்டுகின்றது; பிறகு அடுத்ததை; பிறகு அதற்கும் அடுத்ததை. எந்த வயலை எந்த வாய்க்கால் வழியாக முதலில் எட்டியதோ அதுவே அவ்வயலுக்குக் குறுகிய வழி. கணினியும் நாம் புறப்படும் புள்ளியிலிருந்து இவ்வாறே எல்லாத் திசையிலும் பரவி, சேரவேண்டிய இடத்தை முதலில் எட்டிய வழியை எடுத்துரைக்கின்றது. இன்றைய மென்பொருள்கள் இம்முறையையோ, இதிலிருந்து விரைவுக்காகக் கிளைத்த முறைகளையோ கையாளுகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கணினி தூரத்தை மட்டும் கூட்டுவதில்லை. ஒவ்வொரு வகைச் சாலைக்கும் ஒரு ‘விலை’ வைத்து, விலை குறைந்த வழியைத் தேடுகின்றது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். பள்ளிக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன என்று கொள்வோம். முதலாவது, பெருஞ்சாலையில் 5 கிலோமீட்டர். இரண்டாவது, சிற்றூர்ச் சாலையில் 6 கிலோமீட்டரும் மண்கரையில் 2 கிலோமீட்டருமாக 8 கிலோமீட்டர். தூரத்தை மட்டும் கருதினால் முதல் வழியே வெல்லும். பெருஞ்சாலையின் இடர் கருதி அதற்குக் கிலோமீட்டருக்கு 3, மண்கரைக்கு 2, சிற்றூர்ச் சாலைக்கு 1 என விலை வைப்போம். முதல் வழியின் விலை 15. இரண்டாம் வழியின் விலை 6-உம் 4-உமாக 10. இப்போது கணினி எட்டுக் கிலோமீட்டர் வழியைக் காட்டும். ஐப்பசி மழையில் கரை சேறாகிவிட்டது. மண்கரையின் விலையை 6 ஆக்குங்கள். இரண்டாம் வழியின் விலை 18 ஆகிவிடும். கணினி மீண்டும் பெருஞ்சாலைக்கே உங்களை அனுப்பும். நிலப்படம் மாறவில்லை, கணக்கும் தவறவில்லை. விலை மட்டுமே மாறியது. அவ்விலையை வைத்தவர் யார்? மென்பொருளை எழுதியவர். அவர் நம் ஊரைக் கண்டவரல்லர். ‘பி-ரௌட்டர்’ என்னும் இலவச மென்பொருளில் இவ்விலைகளை நாமே மாற்றி எழுதலாம். கணினி அறிவு பெற்ற கல்லூரி மாணவர்கள் அதனை ஒருமுறை முயன்று பாருங்கள்.

அடுத்து, நம் நிலத்திற்கே உரிய சில இயல்புகளைக் கூறுகின்றேன்.

முதலாவது, நீரின் காலம். வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டு, ஜனவரி 28-ஆம் நாள் மூடப்படும். மேட்டூர் நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் முதலியவற்றில் பிரிந்து செல்லும். நீர் வரத்திற்கேற்ப இந்நாள்கள் முன்பின்னாக மாறுதலும் உண்டு. இடைப்பட்ட கோடையில் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும். அப்போது மக்கள் பாலத்தைச் சுற்றிச் செல்லாமல், வாய்க்காலின் குறுக்கே இறங்கி ஏறுவர். ஆட்டுமந்தையும் மிதிவண்டியும் சென்று சென்று அங்கே ஒரு தடம் விழுந்துவிடும். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அத்தடம் தெளிவான பாதையாகத் தெரியும். தொலைநாட்டில் அமர்ந்து நல்லெண்ணத்தோடு கோடு வரையும் ஒருவர், அதனைப் பாதை என்றே வரைந்துவிடுவார். ஆடியில் அதே இடத்தில் கழுத்தளவு நீர் ஓடும்.

என் பழைய மாணவன் ஒருவன், ஓர் ஆடி மாதத்து மாலையில், கைப்பேசி காட்டிய குறுக்கு வழியில் சென்று இத்தகைய இடத்தில் நின்றான். எதிர்க்கரையில் தடம் தெரிகின்றது, இடையே நீர். ‘இதுவரை வந்துவிட்டோம், வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம்’ என்று ஒரு கணம் எண்ணினானாம். கரையில் மாடு ஓட்டி வந்த முதியவர் ஒருவர், “தம்பி, இறங்காதே, இங்கே இழுப்பு அதிகம். பாலத்துக்குப் போ” என்றாராம். மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்து, இருட்டிய பின் வீடு சேர்ந்தான். அந்த முதியவர் அறிந்திருந்த ஒரு செய்தி நிலப்படத்தில் இல்லை. அச்செய்தியை நிலப்படத்தில் சேர்க்க இயலும் என்பதைப் பின்னர்க் கூறுகின்றேன்.

இரண்டாவது, மேடும் காற்றும். வழித்திட்ட மென்பொருள்கள் ஏற்ற இறக்கத்தையும் காட்டுகின்றன. அவ்வுயர அளவுகளுள் பெரும்பகுதி, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘எண்டெவர்’ விண்கலம் பதினொரு நாள் உலகைச் சுற்றி, ரேடார் அலைகளால் அளந்து பெற்றவை. அவ்வலைகளுள் ஒரு பகுதி தரையைத் தொடாமல் மரத்தலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். ஆதலின் தென்னந்தோப்பும் மூங்கிற் கொத்தும் உள்ள இடம் சிறு மேடாகப் பதிவாகிவிடும். நம் பக்கத்தில் சமதரையான ஒரு வழிக்குக் கணினி பல ஏற்றங்களைக் காட்டினால், அவற்றுள் சில தென்னை மரங்கள் என்று கொள்க.

நமக்கு உண்மையான மேடு காற்றுதான். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வலுத்து வீசும். காற்றின் தடை, நம்மீது மோதும் காற்றின் வேகத்தினது இருமடிக்கு ஏற்ப வளரும். காற்றற்ற வேளையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், அதே வேகத்தில் 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் செல்வானாயின், அவன்மீது மோதும் காற்றின் வேகம் 30 ஆகின்றது. தடையோ நான்கு மடங்காகின்றது. ஆகவே பூதலூரிலிருந்து மேற்கே கல்லணைக்குச் செல்ல விரும்புவோர், காற்று எழுமுன் விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதே அறிவுடைமை. நாம் பயன்படுத்தும் எளிய வழிகாட்டிகள் இதனைக் கூறுவதில்லை; நம் தந்தையரும் பாட்டன்மாரும் அறிவர்.

மூன்றாவது, உழவின் காலம். குறுவை அறுவடையிலும், தை மாதத்துச் சம்பா அறுவடையிலும், சிற்றூர்ச் சாலைகளில் நெல் காயும். அறுவடை இயந்திரங்கள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். கொள்முதல் நிலையங்களுக்கு அருகே லாரிகள் வரிசையாக நிற்கும். மார்கழியில் ஆள் அரவமற்றுக் கிடந்த சாலை, தையில் மிதிவண்டிக்கு இடமில்லாததாகிவிடும். ஆகவே ஒரு வழியை வகுத்தால் போதாது. கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று என மூன்றாவது வகுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. கைப்பேசி நம் இருப்பிடத்தை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் துணையால் அறிகின்றது. திறந்த வெளியில் அது காட்டும் இடத்திற்கும் உண்மை இடத்திற்கும் ஏறத்தாழ 5 மீட்டர் வேறுபாடு இருக்கலாம். மரநிழலில் அது கூடும். அகன்ற சாலையில் இப்பிழை பொருட்டன்று. மூன்று, நான்கு மீட்டர் அகலமே உள்ள வாய்க்காலில், நாம் தென்கரையில் நிற்க, படத்தில் வடகரையில் நிற்பதாகத் தோன்றும். பாலம் வரும்வரை கரை மாறுவதற்கு வழியில்லை. ஆதலின் கரைவழி புறப்படுமுன் எந்தக் கரை என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இனிச் செய்யவேண்டுவன யாவை? அவற்றை வரிசையாகக் கூறுகின்றேன். முதலில், வீட்டிலேயே அமர்ந்து மென்பொருளில் இரண்டு மூன்று வழிகளை வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பாலம், எத்தனை இருப்புப்பாதைக் கடவை, பெருஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டாவதாக, அக்குறிப்பை அவ்வழியே அன்றாடம் செல்லும் பால்காரரிடமோ, அஞ்சற்காரரிடமோ, உழவரிடமோ காட்டிக் கேளுங்கள். மூன்றாவதாக, விடுமுறை நாளில் பகல் வேளையில், பெரியவர் ஒருவரோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியில் தடத்தைப் பதிவு செய்யும் வசதி உண்டு, ஜி.பி.எக்ஸ். என்னும் கோப்பாக அதனைச் சேமித்து நண்பர்களுக்கு அனுப்பலாம். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பார்த்தல் ஆகாது. திரும்பும் இடங்களை ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

நான்காவது ஒன்று உண்டு; அதுவே தலையாயது. கண்டதை நிலப்படத்தில் எழுதுங்கள். திறந்த நிலப்படத்தில் ஒரு கணக்குத் தொடங்கினால், கைப்பிடியில்லாத நடைபாலத்தை நடைபாலம் என்று குறிக்கலாம். மண்கரையை மண்கரை என்று குறிக்கலாம். கோடையில் மட்டும் கடக்கத்தக்க வாய்க்கால் தடத்தைப் பருவகாலத்துக்கு உரியது என்று குறிக்கலாம். ஊர்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பொறிக்கலாம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், நம் நாட்டவர் நிலப்படம் ஆக்குவதில் முன்பிருந்த முன்னனுமதித் தடைகளைப் பெரிதும் நீக்கிவிட்டன. ஒரு வகுப்பு மாணவர் நாற்பதுபேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் சரிபார்த்தால், பள்ளியைச் சுற்றியுள்ள நாற்பது கிலோமீட்டர்ச் சாலை ஒரே மாதத்தில் திருந்திவிடும். மாடு ஓட்டி வந்த முதியவர் ஒருவனுக்குச் சொன்ன சொல்லை, அவ்வழியே வருவோர் அனைவருக்கும் சொல்லும் வழி இதுவே.

நம் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டியில் ஏறித் தம் ஊர் எல்லையைக் கடந்தனர். நீர் கொணரவும், சந்தைக்குச் செல்லவும், வகுப்புக்குச் செல்லவும் அவர்கள் பிறரை எதிர்நோக்கி நிற்கவேண்டியிருக்கவில்லை. எழுத்தும் மிதிவண்டியும் ஒருங்கே வந்தால் மக்கள் எவ்வளவு தூரம் செல்வர் என்பதற்கு அது சான்று. நிலப்படத்தைப் படிப்பதும் ஒரு வகை எழுத்தறிவே. படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவனை நாம் முழுக் கல்வி பெற்றவன் என்று கூறுவதில்லை. நிலப்படத்துக்கும் அதுவே பொருந்தும்.

மாணவச் செல்வங்களே, அடுத்த ஞாயிறன்று உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள வழியைத் திறந்த நிலப்படத்தில் ஒருமுறை உற்று நோக்குங்கள். நீங்கள் நாள்தோறும் கடக்கும் மதகு அதில் இருக்கின்றதா? பாலம் சரியான இடத்தில் உள்ளதா? இல்லையெனில் அதனை எழுதவேண்டியவர் நீங்களே. உங்களுக்குப் பின் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையர் இன்னும் சில ஆண்டுகளில் அதே வழியில் மிதிவண்டி ஓட்டுவர். அவர்கள் நம்பிச் செல்லத்தக்க ஒரு கோட்டை அவர்களுக்கு விட்டுச் செல்லுங்கள்.